காலைல டீசல் லாரி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்குதா? முந்தின நாள் ராத்திரியே வேலையை ஆரம்பிங்க

பகல் பூரா எத்தனை தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் அரை சுத்துல பிடிச்சிக்கிற வண்டி, காலைல மட்டும் செல்ஃப் அடிச்சு அடிச்சு உயிரை வாங்குதுன்னா, அந்த கம்ப்ளைன்ட்டே ஒரு தனி ரகம். ஏன்னா அது ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் முகத்தைக் காட்டும். எப்படியோ ஸ்டார்ட் பண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கிட்டு போறீங்க, போய் சேர்றதுக்குள்ள இன்ஜின் சூடாயிடுது, மெக்கானிக் சாவியைத் திருப்புறார், பட்டுன்னு பிடிக்குது, "நல்லாத்தானே அண்ணே இருக்கு"ன்னு உங்களையே ஒரு மாதிரி பாப்பார். அப்புறம் என்ன, ஒவ்வொரு பார்ட்டா மாத்திப் பாக்க வேண்டியதுதான். நானும் அப்படித்தான் ரெண்டு பேட்டரி மாத்துனேன், செல்ஃப் மோட்டாரை ஓவரால் பண்ணேன், சிலிண்டருக்குள்ள சூடு கொடுக்குற ஹீட்டர் பிளக் ஒரு செட் போட்டேன், கடைசில பாத்தா டேங்க்ல இருந்து வர்ற டீசல் ஹோஸ்ல, கிளிப்புக்கு அடியில, நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. மூணு வாரம் போச்சு.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். காலைல அடிக்கிற அந்த முதல் செல்ஃப்தான் உங்க டெஸ்ட். அதை வீணாக்கிட்டா அடுத்த சான்ஸ் நாளைக்குத்தான்.

முதல்ல ஏன் குளிர்ல மட்டும் இந்தப் பிரச்சனைன்னு ஒரு நிமிஷம். டீசல் இன்ஜின்ல தீ வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ள இழுத்த காத்தை 16 மடங்குல இருந்து 22 மடங்கு வரைக்கும் நசுக்குறப்ப அது 500 டிகிரிக்கு மேல சூடாகுது, அந்த சூட்டுல டீசலைப் பீச்சுனா தானா பத்திக்கும். ராத்திரி பூரா குளிர்ந்து கிடந்த ஹெட்டும் பிஸ்டனும் அந்த சூட்டை உறிஞ்சிடும். இன்ஜின் மெதுவா சுத்துனா நசுங்குன காத்து ரிங் வழியா கசிஞ்சும் போயிடும். அதுக்கு மேல பேட்டரி குளிர்ல சோர்ந்து கிடக்கும், ஆயில் தேன் மாதிரி கெட்டியா இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்துல எதிரா நிக்குது. சூடான இன்ஜின்ல மறைஞ்சிருக்கிற சின்ன குறை எல்லாம் காலைல வெளிய வர்றது இதனாலதான். ஆக நாம தேடப் போறது மூணுல ஒண்ணு: வேகமா சுத்தலையா, சூடு வரலையா, டீசல் வரலையா.

ராத்திரி செய்ய வேண்டியது

வண்டியை சமமான இடத்துல நிறுத்துங்க, வீலுக்கு கட்டை போடுங்க, கியர் நியூட்ரல்ல இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். டேங்க்ல எவ்வளவு டீசல் இருக்குன்னு குறிச்சுக்கங்க, இது பின்னாடி உதவும். டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சி அனுப்புற ஃபீட் பம்புக்குள்ள போற டீசல் லைன்ல ஒரு ஜாண் நீளத்துக்கு டீசல் தாங்குற, உள்ள ஓடுறது தெரியுற கண்ணாடி மாதிரி ஹோஸ் மாட்டி கிளிப் போட்டுட்டீங்கன்னா காலைல பாதி துப்பறியும் வேலை கண்ணாலயே முடிஞ்சிரும். டீசல்ல இருந்து தண்ணியைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டர்ல அடியில இருக்கிற வடிகுழாயை (வடிகாக்) திறந்து கொஞ்சம் வடிச்சு, தண்ணி இருக்கான்னு பாருங்க. எலக்ட்ரானிக் இன்ஜின்னா வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கிற அளவைப் படிக்கிற ஸ்கேனர் ஒண்ணு கடன் வாங்கியாவது வச்சுக்கங்க. மல்டிமீட்டர் கட்டாயம். போனை சைலன்சர் பக்கம் எப்படி நிறுத்தி வீடியோ எடுக்கலாம்னும் யோசிச்சு வைங்க, இது சும்மா சொல்லல, காலைல நீங்க சாவி பக்கம் இருப்பீங்க, புகை பின்னாடி வரும்.

காலைல, சாவியைத் தொடுறதுக்கு முன்னாடி

பேட்டரி வோல்டேஜ் பாருங்க. 12 வோல்ட் பேட்டரி ஃபுல் சார்ஜ்ல 12.6 காட்டணும், 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதிதான் இருக்கு. 24 வோல்ட் வண்டின்னா ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளந்து எழுதி வைங்க.

ஸ்கேனர் இருந்தா சாவியை ஆன் மட்டும் பண்ணி, கூலன்ட் டெம்பரேச்சர், உள்ள போற காத்தோட டெம்பரேச்சர், டீசல் டெம்பரேச்சர் மூணையும் படிங்க. ராத்திரி பூரா நின்ன வண்டில இந்த மூணும் ரெண்டு மூணு டிகிரி வித்தியாசத்துல ஒண்ணா இருக்கணும். நான் ஒரு வண்டில பாத்தப்ப காத்து 8, டீசல் 9, கூலன்ட் 46ன்னு காட்டுச்சு. ஐஸ் மாதிரி இருக்கிற இன்ஜின்ல 46 எங்கிருந்து வரும்? சென்சார் பொய் சொல்லுது, கம்ப்யூட்டர் அதை நம்பி "இன்ஜின் சூடாத்தானே இருக்கு"ன்னு ஹீட்டர் பிளக்குக்கு கரண்டே விடல, டீசலையும் குளிருக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கொடுக்கல. ஒரு சின்ன சென்சார், மாத்த கால் மணி நேரம்கூட ஆகாது. அதுக்கு முன்னாடி அந்த வண்டில என்னென்ன மாத்தியிருந்தாங்கன்னு கேட்டா அழுதுடுவீங்க.

இப்ப கிராங்க் பண்ணுங்க, அதாவது செல்ஃப் அடிங்க. ஒரு தடவைக்கு 10 செகண்ட், ரொம்ப போனா 15. அதுக்கு மேல அடிச்சா செல்ஃப் மோட்டார் காயில் வெந்துடும். ரெண்டு தடவைக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க. முதல் தடவைல காதை சுத்துற வேகத்துக்கும், கண்ணை புகைக்கும் கொடுங்க.

ஒரு எச்சரிக்கை. முதல் செல்ஃப்லயே "டங்"ன்னு இடிச்ச மாதிரி நின்னுட்டா திரும்ப அடிக்காதீங்க. ராத்திரில ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் வழியா கூலன்டோ, டீசலைப் பீச்சுற நாசில் ஒழுகி டீசலோ ஏதாவது ஒரு சிலிண்டர்ல தேங்கியிருக்கலாம். திரவத்தை நசுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

மெதுவா சுத்துதா?

"உர்ர்... உர்ர்..."ன்னு இழுத்து இழுத்து சுத்துனா மத்த எதையும் தொடாதீங்க, இதை முதல்ல முடிங்க. கிராங்க் பண்ணும்போது பேட்டரி முனையில மீட்டர் வச்சா 12 வோல்ட் பேட்டரி 9.6க்குக் கீழ விழக்கூடாது. 24 வோல்ட் வண்டில ஒரு பேட்டரி 11 காட்டி இன்னொண்ணு 8க்கு விழுந்தா அந்த 8தான் குற்றவாளி, ஆனா ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, புதுசும் பழசும் சீரிஸ்ல இருந்தா பழசு புதுசையும் கெடுத்துடும். கடுங்குளிர்ல, அதாவது மைனஸ் 18 டிகிரி பக்கம், நல்ல பேட்டரிக்கே கிராங்க் பண்ற சக்தி பாதிக்குக் கிட்ட குறைஞ்சிடும், அதனால வெயில் காலத்துல ஓகேன்னு ஓடுன பேட்டரி குளிர் வந்ததும் கவுத்துறது சகஜம்.

பேட்டரி நல்லா இருந்தும் மெதுவா சுத்துனா வயரைப் பாருங்க. நிறைய பேர் பாசிட்டிவ் வயரையே பாத்துக்கிட்டு எர்த்தை மறந்துடுறாங்க. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்லயும் இன்னொண்ணை பெயின்ட் இல்லாத இன்ஜின் பிளாக்லயும் வச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் கேபிளோ அதோட போல்ட்டோ சரியில்ல. கழட்டி எமரி பேப்பர் போட்டுத் தேச்சு டைட் பண்ணுங்க. இதே மாதிரி பாசிட்டிவ் போஸ்ட்டுக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல பாருங்க. இதெல்லாம் சரியா இருந்து, வோல்டேஜும் கீழ விழாம, ஆனாலும் சுத்து மெதுவா இருந்தாத்தான் செல்ஃப் மோட்டாரை இறக்கணும். என்னை மாதிரி முதல்லயே இறக்கக் கூடாது.

ஆயிலும் ஒரு காரணம். 15டபிள்யூ-40 ஊத்தியிருக்கீங்க, உங்க ஊர்ல தண்ணி உறையுற குளிர்னா, இன்ஜின் கம்பெனி அனுமதிச்சா 5டபிள்யூ-40 மாதிரி ஒண்ணுக்கு மாறிப் பாருங்க. முன்னாடி இருக்கிற நம்பர் எவ்வளவு சின்னதோ குளிர்ல அவ்வளவு லேசா ஓடும். கிளட்சை மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சாலும் கியர்பாக்ஸ்ல இருக்கிற கெட்டி ஆயிலை சுத்துற பாரம் குறையும்.

நல்லா சுத்துது, ஆனா புகையே இல்ல

இது ரொம்ப தெளிவான அடையாளம். டீசல் சிலிண்டருக்குள்ள போகவே இல்ல. புகை ஒரு பொட்டுகூட வராம இன்ஜின் சுத்துதுன்னா ஹீட்டர் பிளக்கைப் பத்தி பேச்சே எடுக்காதீங்க, பத்த வைக்க உள்ள ஏதாவது இருந்தாத்தானே.

பழைய வண்டிகள்ல முக்கால்வாசி கேஸ் ஏர் எடுக்குறதுதான்னு என் அனுபவம். எங்கயோ ஒரு சின்ன ஓட்டை வழியா ராத்திரில காத்து புகுந்து, லைன்ல இருக்கிற டீசல் மெல்ல மெல்ல டேங்குக்கே இறங்கிடும். காலைல பம்ப் வெறும் காத்தைத்தான் தள்ளும். பகல்ல ஒரு மணி நேரம் நிறுத்துனா இறங்குறதுக்கு நேரம் போதாது, அதனால ஸ்டார்ட் ஆயிடும். இதைக் கண்டுபிடிக்க ரொம்ப சுலபமான வழி ஹேண்ட் பிரைமர், அதான் கையால அமுக்கி டீசலை ஏத்துற சின்ன பம்ப். காலைல செல்ஃப் அடிக்காம முதல்ல அதை கையால அமுக்குங்க. ரெண்டு மூணு அமுக்குலயே கல்லு மாதிரி ஆச்சுன்னா லைன்ல டீசல் நிக்குது. இருபது முப்பது தடவை பொசுக் பொசுக்குன்னு போயிட்டு அப்புறம்தான் கெட்டியாகுது, அதுக்கப்புறம் செல்ஃப் அடிச்சா ஒரே அடியில பிடிக்குதுன்னா, முடிஞ்சுது, வேற எதுவும் தேடாதீங்க, ஏர்தான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. டேங்க் ஃபுல்லா இருக்கும்போது நல்லா ஸ்டார்ட் ஆகி, கால் டேங்க்ல அடம் பிடிச்சாலோ, மூக்கு மேல தூக்குன மாதிரி மேட்டுல நிறுத்துனா மோசமாச்சுன்னாலோ அதுவும் டீசல் இறங்குறதைத்தான் காட்டுது. ராத்திரி டேங்க் லெவலைக் குறிக்கச் சொன்னது இதுக்குத்தான்.

ஓட்டை எங்கன்னு தேடுறதுதான் எரிச்சல். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவுல லைன் உறிஞ்சுது, தள்ளல. அதனால ஓட்டை இருந்தா காத்து உள்ள போகும், டீசல் வெளிய வராது, ஈரமே தெரியாது. நான் அந்த ஹோஸை எத்தனை தடவை துணியால துடைச்சுப் பாத்திருப்பேன், காஞ்சே இருந்துச்சு, கடைசில கிளிப்பை லூஸ் பண்ணி ஹோஸை மடக்குனப்பதான் வாயைப் பிளந்துச்சு. ஹோஸ் முனைகள், டீசல் போக நடுவுல ஓட்டை உள்ள பேன்ஜோ போல்ட்டோட செப்பு வாஷர், ஃபில்டர் ஓ-ரிங், செப்பரேட்டர் கிண்ணத்தோட கேஸ்கட், வடிகாக், ஹேண்ட் பிரைமரேகூட, டேங்க்குள்ள நிக்கிற உறிஞ்சு பைப், எல்லாமே சந்தேக லிஸ்ட்ல உண்டு. கண்ணாடி ஹோஸ்ல குமிழ் குமிழா ஓடுனா ஓட்டை அதுக்கு முன்னாடி, அதாவது டேங்க் பக்கம். குமிழே இல்லன்னா பம்ப் பக்கம் தேடணும். சுருக்கமா முடிக்கணும்னா, ஃபீட் பம்ப் ஹோஸை டேங்க் லைன்ல இருந்து கழட்டி, சுத்தமான டீசல் இருக்கிற ஒரு கேன்ல விட்டு ராத்திரி அப்படியே வைங்க. மறுநாள் காலைல ஜம்முன்னு ஸ்டார்ட் ஆனா டேங்க் பக்கத்து லைன்தான். அப்புறம் பாதி பாதியா பின்னாடி நகர்ந்துக்கிட்டே போங்க. ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு காலை செலவாகும், வேற வழியில்ல.

மெக்கானிக்கல் பம்ப்னா, டீசலைத் திறந்து மூடுற ஸ்டாப் சோலனாய்டு சாவி ஆன் பண்ணதும் "டிக்"ன்னு சத்தம் கொடுக்குதான்னு கேளுங்க. காமன் ரெயில்னா, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொது பைப்ல இருந்து ஹை பிரஷர்ல டீசல் போற இன்ஜின்னா, கிராங்க் பண்ணும்போது ரெயில் பிரஷரை ஸ்கேனர்ல பாருங்க. இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், ஆனா சுமாரா 200 பார் வரைக்குமாவது ஏறாம கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. ஏறலன்னா ஒவ்வொரு இன்ஜெக்டர்ல இருந்தும் மிச்ச டீசல் திரும்புற ரிட்டர்ன் பைப்ல ஆளுக்கொரு பாட்டில் தொங்க விட்டு அளந்து பாருங்க, ஒண்ணுல மட்டும் மளமளன்னு நிறைஞ்சா அதுதான். ஒரு விஷயம், பம்போ இன்ஜெக்டரோ தேய்ஞ்சு உள்ள கசிஞ்சா பெரும்பாலும் சூட்டுலதான் ஸ்டார்டிங் ட்ரபிள் அதிகமா வரும், ஏன்னா சூட்டுல டீசல் நீர்த்துப் போகும். குளிர்ல மட்டும்தான் பிரச்சனைன்னா அதைக் கடைசியா சந்தேகப்படுங்க.

காமன் ரெயில் ஹை பிரஷர் பைப்பை இன்ஜின் ஓடும்போது லூஸ் பண்ணவே பண்ணாதீங்க. பழைய இன்ஜின்ல நட்டை லூஸ் பண்ணி உள்ள மாட்டுன காத்தை வெளியேத்துன பழக்கத்துல கை தானா அங்க போயிடும். ஆயிரம் பாருக்கு மேல வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள ஏறிடும், பாத்தா ஊசி குத்துன மாதிரிதான் தெரியும், வலிகூட முதல்ல அவ்வளவா இருக்காது, ஆனா அப்படி ஆச்சுன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.

நல்லா சுத்துது, வெள்ளைப் புகையும் வருது

கண்ணு எரியுற மாதிரி பச்சை டீசல் வாசனையோட வெள்ளைப் புகை வந்தா, டீசல் போகுது, பத்த மாட்டேங்குது. இப்பதான் ஹீட்டர் பிளக் முறை.

சின்ன லாரி, பிக்கப் வகையில சிலிண்டருக்கு ஒண்ணா ஹீட்டர் பிளக் இருக்கும். பெரிய இன்ஜின்ல பெரும்பாலும் அது இருக்காது, காத்து உள்ள போற வழியில கிரிட் ஹீட்டர் இருக்கும். உங்களுதுல எது இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க, இல்லாத பிளக்கைத் தேடி அரை நாள் அலைஞ்சவங்களை எனக்குத் தெரியும்.

டேஷ்போர்டுல காயில் லைட் எரிஞ்சு அணைஞ்சா பிளக் வேலை செய்யுதுன்னு அர்த்தமில்ல, நிறைய வண்டில அந்த லைட் வெறும் டைமர்தான். எல்லா பிளக்குக்கும் பொதுவா போற பட்டையைக் கழட்டிட்டு, ஒவ்வொரு பிளக் முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல ஓம் பாருங்க. நல்ல பிளக் 2 ஓமுக்குள்ள காட்டும், செத்தது திறந்தே கிடக்கும். நாலுல ஒண்ணு போனா குளிர் லேசா இருக்கிறப்ப தெரியாது, ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் குலுங்கிட்டு சரியாயிடும், ரெண்டு போச்சுன்னா தெரிய ஆரம்பிக்கும். எல்லாம் நல்லா இருந்தா சாவி ஆன் பண்ணி பட்டைக்கு கரண்ட் வருதான்னு பாருங்க, வரலன்னா ரிலே, ஃபியூஸ், இல்லன்னா மேல சொன்ன அந்த சென்சார். புது வண்டிகள்ல பிளக்கே 4 வோல்ட், 7 வோல்ட்னு வருது, அதுக்கு நேரா 12 வோல்ட் கொடுத்து "டெஸ்ட்" பண்ணாதீங்க, கண்ணு முன்னாடியே எரிஞ்சு போகும். கழட்டும்போது இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கணும், துரு விடுற ஆயிலை முந்தின நாளே அடிச்சு ஊற விடுங்க, இறுகுனா மல்லுக்கட்டாம முன்ன பின்ன ஆட்டி ஆட்டி எடுங்க. உடைஞ்சு ஹெட்ல நின்னா அது வேற கதை.

கிரிட் ஹீட்டரை செக் பண்றது இன்னும் லேசு. நூறு ஆம்ஸ் பக்கம் இழுக்குற சாமான் அது, சாவி ஆன் பண்ணதும் ரிலே "டக்"ன்னு அடிக்கும், ஹெட்லைட் லேசா மங்கும், பேட்டரி வோல்டேஜ் சட்டுன்னு இறங்கும். எதுவுமே நடக்கலன்னா அங்கதான் தேடணும்.

இந்த ரெண்டுல எது இருந்தாலும் ஈதர் ஸ்ப்ரே, அதான் ஸ்டார்டிங் ஸ்ப்ரே, அடிக்கவே கூடாது. சிவக்க சிவக்க இருக்கிற காயில்ல ஈதர் பட்டா நேரம் கெட்ட நேரத்துல வெடிக்கும், பிஸ்டன் ரிங் உடையும், காத்து பைப் பிச்சுக்கிட்டு பறக்கும். "எங்க வண்டில தினமும் அடிக்கிறோமே"ன்னு சொல்றவங்க இருப்பாங்க, அவங்க அதிர்ஷ்டம் அவங்களோட.

சூடு சரியா இருந்தும் வெள்ளைப் புகை நிக்கலன்னா டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, பாருங்க, செலவே இல்லாத வேலை, டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாம கம்ப்ரெஷன் கசியும். அடுத்தது பம்ப் டைமிங், நாசில் ஸ்ப்ரே. கம்ப்ரெஷன் டெஸ்ட்டைக் கடைசியா வைங்க. டீசல் இன்ஜின்ல பொதுவா 20 பார்ல இருந்து 30 பாருக்கு மேல வரைக்கும் இருக்கும், உங்க இன்ஜினுக்கு என்ன அளவுன்னு மேனுவல்ல பாத்து ஒப்பிடுங்க, சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் பெருசா இருக்கக் கூடாது. கேஜ் இல்லாமயே ஒரு துப்பு உண்டு: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை அடிச்சா ரிங் தேய்ஞ்சிருக்கு.

புகை வெள்ளையா இருந்து டீசல் வாசனை இல்லாம ஒரு மாதிரி இனிப்பா அடிச்சு, ரேடியேட்டர்ல கூலன்டும் குறைஞ்சுக்கிட்டே வந்தா அது ஹெட் கேஸ்கட். ஸ்டார்டிங் ட்ரபிளை விட்டுட்டு அதைப் பாருங்க.

ஸ்டார்ட் ஆகி கொஞ்ச தூரம் போய் நின்னுடுச்சு

தண்ணி உறையுற குளிர்ல இது நடந்தா டீசல்ல இருக்கிற மெழுகு கட்டியாகி ஃபில்டரை அடைச்சிருக்கும். லைன்ல இருந்த டீசல் தீர்ற வரைக்கும் ஓடும், அப்புறம் இழுவை போகும், நின்னுடும். வெயில் காலத்து டீசல் டேங்க்ல மிச்சம் இருந்தா இதுதான் கதி. ஃபில்டரை மாத்துங்க, இல்லன்னா துணி சுத்தி வெந்நீர் ஊத்துங்க, வண்டியை கூரை உள்ள இடத்துல நிறுத்துங்க. மெழுகு தடுக்குற அடிட்டிவ் டீசல் கலங்குறதுக்கு முன்னாடி ஊத்துனாத்தான் பலன், கட்டியானதுக்கு அப்புறம் ஊத்தி பிரயோஜனமில்ல. டேங்குக்கு அடியில தீ மூட்டுறது, பிளோ லாம்ப் காட்டுறது எல்லாம் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் கலக்குற பழைய வித்தையும் காமன் ரெயில் பம்புக்கு ஆகாது, வழவழப்பு குறைஞ்சு பம்ப் உள்ள தேய்ஞ்சிடும்.

ரிப்பேர் முடியுற வரைக்கும் சமாளிக்கணும்னா நிக்கிற இன்ஜினை கரண்ட்ல சூடாக்குற பிளாக் ஹீட்டர் இருந்தா கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி போடுங்க, ராத்திரி பூரா வேண்டாம். இல்லன்னா ஹீட்டர் பிளக்கை சாவி ஆன் ஆஃப் பண்ணி ரெண்டு தடவை சூடாக்கிட்டு அடிங்க, லைட், ஃபேன் எல்லாம் ஆஃப்ல இருக்கட்டும். பிடிச்சதும் ஆக்ஸிலேட்டரைப் போட்டு மிதிக்காதீங்க, டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர கொஞ்ச நேரம் கொடுங்க.

இத்தனையும் பாத்தும் பிடிபடல, ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும்னா, வண்டியை முந்தின நாள் சாயங்காலமே அங்க விட்டுட்டு சாவியைக் கொடுத்துட்டு வாங்க. "யாரும் நகர்த்தக் கூடாது, காலைல முதல் செல்ஃப் நீங்களே அடிங்க"ன்னு சொல்லிட்டு, நீங்க எடுத்த புகை வீடியோவையும் வோல்டேஜ் எழுதுன தாளையும் கையில கொடுங்க.